கூம்பாகும் கண்: வடிவ ஆராய்ச்சியிலிருந்து வலிமை ஆராய்ச்சிக்கு

கண்ணின் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடி போற் புடைத்து நிற்கும் தெளிந்த படலத்தை விழிவெண்படலம் என்பர். விட்டத்தில் 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்ததும், நடுவில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூடிய தடிப்புடையதுமான இச்சிறு படலமே, கண்ணினுட் புகும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினைச் செய்கின்றது. உள்ளே அமைந்த வில்லைக்கு எஞ்சியது ஒரு பங்கே. சிலருக்குப் பதின்ம வயதளவில் இப்படலம் நடுவிற்குச் சற்றுக் கீழே மெலிந்து, மெல்ல முன்னோக்கிப் பிதுங்கிக் கூம்பின் உருவத்தை அடைகின்றது. ஒரு விளக்கு பல விளக்காகத் தோன்றுதலும், எழுத்துகள் நிழல் படிந்து நீளுதலும், இரவில் வெளிச்சங்கள் சிதறித் தெரிதலும் இதன் குணங்குறிகளாம். வளைவு ஒழுங்கற்றுப் போவதால், நோய் முற்றியபின் மூக்குக் கண்ணாடி பயன்படாது. கல்வியும் தொழிலும் தொடங்கும் பருவத்தில் முற்றி, நாற்பது வயதை அண்மிக்கும்போது பெரும்பாலும் தானே ஓய்ந்துவிடுவது இந்நோயின் இயல்பு.

இதனை மிக அரிய நோயெனக் கூறும் வழக்கு நெடுங்காலம் நிலவிற்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நிகழ்ந்து 1986இல் வெளியான கணக்கெடுப்பு, ஓரிலட்சம் பேரில் ஏறத்தாழ 54 பேருக்கு இந்நோய் உண்டெனக் கூறியது. 2017இல் நெதர்லாந்திலிருந்து வந்த கணக்கோ 375 பேருக்கு ஒருவர் என்றது. நோய் பெருகியதைக் காட்டிலும் நோயைக் காணும் கருவி பெருகியதே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதுங் காரணம் எனல் பொருந்தும்.

இந்நோயின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றாமற் போகாது. படலம் பிதுங்குவது என்பது, தன் மீது தாக்கும் அமுக்கத்தைத் தாங்கமாட்டாது ஒரு பொருள் வளைந்து கொடுப்பதேயாகும். அஃதாவது, இது முதற்கண் வலிமை பற்றிய வினா. எனினும் அதனை ஆராய்ந்தோர் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக வடிவத்தையே அளந்தனர், வடிவத்தையே திருத்த முயன்றனர். பொருளின் வலிமையை அளக்கும் முயற்சி 1980ஆம் ஆண்டளவிலேயே உருப்பெற்றது. இத்தாமதத்திற்கு அறிஞரின் அறியாமை மட்டுமே காரணமன்று. வடிவம் கண்ணுக்குத் தெரிவது. வலிமை, இழுத்துப் பார்த்தாலன்றித் தெரியாதது. உயிருள்ள கண்ணை இழுத்துப் பார்த்தல் எங்ஙனம்?

ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மௌகார்ட் 1748இல் வெளியான ஆய்வேட்டில் ஒளிபுகும் தன்மை கெடாது முன்பிதுங்கிய படலத்தைக் குறித்தமையே இந்நோய் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளியியலறிஞர் டேவிட் புறூஸ்ரர், மெழுகுதிரிச் சுடரைக் கண்ணெதிரே அங்குமிங்கும் நகர்த்தி, படலத்தில் தெறிக்கும் அதன் விம்பம் பெருத்தும் சிறுத்தும் மாறுவதைக் கொண்டு வளைவின் கோணலை உணர்ந்தார். எளிய முறைதான். ஆயினும் இன்று கணனித் திரையிற் பல வண்ணங்களில் விரியும் வளைவுப் படங்கள் பலவற்றின் அடிப்படைக் கருத்து அம்மெழுகுதிரிச் சுடரே.

ஈண்டுத் தோமஸ் யங் என்பாரைக் குறிப்பிடாது செல்லலாகாது. தம் கண்ணை நீரில் அமிழ்த்திப் படலத்தின் ஒளிமுறிவை நீக்கி, அண்மைப் பொருளைக் காணும்போது கண் செய்து கொள்ளும் மாற்றம் விழிவெண்படலத்தில் நிகழ்வதன்று என 1801இல் வெளியான தம் உரையில் நிறுவியவர் அவர். பொருள்களின் மீள்தன்மையை அளக்கும் மட்டு பற்றிய கருத்தை 1807இல் வெளியிட்டவரும் அவரே; பௌதிகவியல் மாணவர் அனைவரும் இன்று யங்கின் மட்டு என அறிவது அதனைத்தான். கண்ணின் ஒளியியலும் பொருளின் மீள்தன்மையும் ஒரே மனிதரின் சிந்தையிற் குடியிருந்தன. ஆயின் அவ்விரண்டும் இந்நோயின் பொருட்டுச் சந்திப்பதற்கு மேலும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

லிவர்பூல் நகர வைத்தியர் ஜோன் நொற்றிங்ஹாம் 1854இல் கூம்புருப் படலம் பற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். ஏனைய பிதுக்கங்களிலிருந்து இந்நோயைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமை அந்நூலுக்கு உரியது. 1859இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் போமன், அன்று புதிதாகத் தோன்றியிருந்த விழியுள்நோக்கி கொண்டு இதனைக் கண்டறியும் வழியை விளக்கினார். ஒளி புகும் துவாரத்தை ஒடுக்கினால் கோணலான பகுதியின் தீங்கு குறையும் எனக் கருதி, கண்மணியை ஒரு பிளவாக இழுத்து அமைக்கும் சத்திரசிகிச்சையையும் அவர் செய்தார். சுவிற்சர்லாந்தின் ஹோர்னர் 1869இல் இதன் சிகிச்சை பற்றி எழுதிய ஆய்வுடன் கெரற்றோகோனஸ் என்னும் பெயர் நிலைபெற்றது. கொம்பையும் கூம்பையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களாலான அப்பெயரும் உருவத்தையே சுட்டிற்று என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலச் சிகிச்சை முறைகளை நோக்குமிடத்து, வைத்தியர்கள் தம்மையறியாமலே ஒருவகைப் பொறிமுறைக் கருத்தைக் கொண்டிருந்தனர் என்பது புலனாகும். வொன் கிறேஃபேயின் வழியைப் பின்பற்றியோர், கூம்பின் முனையை வெள்ளி நைத்திரேற்றினாற் சுட்டு, கண்மணியை ஒடுக்கும் மருந்திட்டு, கண்ணின் மேல் அழுத்தக் கட்டுப் போட்டனர். உள்ளிருந்து தள்ளப்படுவதை வெளியிலிருந்து அழுத்தி நிறுத்தலாம் என்பது கட்டின் தருக்கம். சுட்ட புண் ஆறி வடுவாகித் திரைந்து இறுகும்போது கூம்பு தட்டையாகும் என்பது சுடுதலின் தருக்கம். முன்னையது பயனற்றது; கட்டை அவிழ்த்தவுடன் படலம் பழைய நிலையை எய்தும். பின்னையதில் ஓருண்மை இருந்தது. இழையத்தை இறுகச் செய்தால் அது தாங்கும் என்பதே அவ்வுண்மை. ஆயின் அவ்விறுக்கத்திற்குக் கொடுத்த விலை, படலத்தின் தெளிவு. பார்வையைக் காக்கப் புகுந்து பார்வையின் நடுவே வெண்வடுவொன்றை இட்டனர்.

1888இல் பரிஸ் நகரத்து ஒயிகேன் கால்ற், கண்ணின் மேற் பொருந்தும் கண்ணாடி ஓடொன்றை இந்நோயாளருக்கு அணிவித்தார். தொடுகைவில்லை இந்நோயில் முதன்முதற் பயன்பட்டமை இதுவேயாகும். வில்லை கூம்பை அழுத்தித் தட்டையாக்கும் என அவர் எதிர்பார்த்தார். நோயாளர் நன்கு கண்டனர், கூம்பு தட்டையாகவில்லை. பார்வை தெளிந்தமைக்குக் காரணம் அழுத்தமன்று. கோணலான படலத்திற்கும் ஒழுங்கான கண்ணாடிக்கும் இடையிற் கண்ணீர் நிரம்பி, ஒளி முறியும் புதிய முகமொன்று அமைந்தமையே காரணம். பிழையான கருத்தினின்று பயனுள்ள கருவி பிறந்த கதைகள் விஞ்ஞான வரலாற்றிற் பல; அவற்றுள் இதுவுமொன்று. கண்ணாடி பிளாஸ்ரிக்காக மாறி, பின்னர் ஒட்சிசனைப் புகவிடும் பொருளாக மாறிய போதும், வில்லை அணிந்தவரின் நோய் அதன்கீழ் வளர்ந்து கொண்டேயிருந்தது.

தேய்ந்த படலத்தை நீக்கி இறந்தவரின் படலத்தைப் பொருத்தும் முறை அடுத்து வந்தது. எட்வேட் சிர்ம் 1905 டிசெம்பரில், இன்றைய செக் நாட்டின் ஒலோமூற்ஸ் நகரில், முழுத்தடிப்பு விழிவெண்படல மாற்றீட்டை முதன்முதலில் வெற்றியுடன் செய்தார். அவர் மாற்றியது எரிகாயமுற்ற படலம். கூம்பு விழிக்கு இம்முறையை 1936இல் நியூயோர்க்கில் கையாண்டவர் றமோன் கஸ்ரோவியெஹோ. இம்முறை பரவியபின் தானம் செய்யப்படும் கண்களின் தேவை பெருகிற்று. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் அத்தேவையை நாட்டெல்லை கடந்தும் நிறைவு செய்தது என்பது இந்நாட்டவர் அறிந்ததே. மாற்றீடு வெற்றிகரமான சிகிச்சை என்பதில் ஐயமில்லை. எனினும் அஃது ஏன் என்ற வினாவைக் கேளாமலே பொருளை மாற்றிவிடும் முறை. சுவர் ஏன் சாய்ந்தது என்று ஆராயாது புதுச்சுவர் எழுப்புவது போன்றது. ஆயினும் ஆராய்ச்சிக்கு அதனால் ஒரு நன்மை விளைந்தது. வெட்டி நீக்கிய நோயுற்ற படலங்கள் ஆய்வுகூடத்தின் கைக்கு வந்தன.

இதற்கிடையிற் படலத்தின் அமைப்புப் பற்றிய அறிவு வளர்ந்தது. அதன் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் நார்ப் படைகளாலானது. ஒவ்வொரு படையிலும் மெல்லிய நுண்ணார்கள் ஒரே திசையிற் சமாந்தரமாகக் கிடக்கின்றன; அடுத்த படையின் நார்கள் வேறு திசையிற் செல்கின்றன. இந்நுண்ணார்கள் ஒரே பருமனும் ஒழுங்கான இடைவெளியும் கொண்டிருப்பதாலேயே படலம் ஒளிபுகவிடுகின்றது என்பதை டேவிட் மொறிஸ் 1957இல் விளக்கினார். தெளிவிற்குக் காரணமான அதே நார்களே வலிமைக்கும் காரணமானவை. பிற்காலத்தில் ஊடுகதிர்களைக் கொண்டு அவற்றின் திசை ஆராயப்பட்டது. நலமான படலத்தின் நடுப்பகுதியில் நார்கள் பெரும்பாலும் மேல்கீழாகவும் இடவலமாகவும் ஓடுகின்றன எனவும், கூம்பு விழியில் அவ்வொழுங்கு குலைந்துள்ளது எனவும் டக்சரும் பிறற்சிலும் 1997இல் காட்டினர். காடிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீக் குழுவினரின் 2005ஆம் ஆண்டு ஆய்வும் இதனை உறுதி செய்து, நார்ப்படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுகி நகர்கின்றன என்ற கருத்திற்கு வலுவூட்டிற்று. அங்ஙனமாயின் படலம் மெலிவது அதன் பொருள் அழிவதால் மட்டுமன்று, பொருள் இடம் பெயர்வதாலும் ஆகலாம்.

மெலிதலுக்கும் வளைதலுக்கும் உள்ள தொடர்பை எளிய கணக்கொன்றினால் விளங்கிக் கொள்ளலாம். கோளவுருவான மெல்லிய ஓடொன்றின் சுவரிலுள்ள தகைப்பு, உள்ளமுக்கத்தை வளைவாரையாற் பெருக்கி இருமடங்கு தடிப்பினால் வகுக்க வருவது என்பது லப்பிளாசின் விதி. விழியக அமுக்கம் 15 மில்லிமீற்றர் இரசம், அஃதாவது 2 கிலோபஸ்கால், வளைவாரை 7.8 மில்லிமீற்றர், தடிப்பு 0.54 மில்லிமீற்றர் எனின், தகைப்பு ஏறத்தாழ 14 கிலோபஸ்கால் ஆகும். தடிப்பு மட்டும் 0.35 ஆகக் குறைந்தால் அது 22 ஆக உயரும். ஆயின் அப்பகுதி கூராகி வளைவாரை 5.5 ஆகக் குறையுமாயின் தகைப்பு மீண்டும் 16இற்குக் கீழே இறங்கிவிடும். உண்மைப் படலம் சீரான கோளமன்று; ஆதலின் இக்கணக்கு ஒரு மாதிரியேயாகும். எனினும் அது புலப்படுத்தும் கருத்து ஆழமானது. கூம்பாதல் என்பது மெலிந்த படலம் தன்மேல் வந்த சுமையைக் குறைத்துக் கொள்ளும் வழியும் ஆகும். வைத்தியர்கள் நோயாகக் கண்ட வடிவம், ஒரு வகையில், வேறொரு குறைபாட்டிற்கு இழையம் அளித்த விடை. விடையை அழுத்தித் திருத்த முயன்ற கட்டும் கண்ணாடி ஓடும் தோற்றது இயல்பேயன்றோ!

அக்குறைபாட்டை நேரே அளந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த அன்றியாசன், சிமொன்சன், ஒக்ஸ்லுண்ட் என்போர். நோயுற்ற படலங்களிலிருந்தும் நலமான படலங்களிலிருந்தும் கீற்றுகளை வெட்டி, இழுத்து, தகைப்பையும் விகாரத்தையும் ஒப்பிட்டு 1980இல் அவர்கள் முடிவை வெளியிட்டனர். நோயுற்ற இழையத்தின் விறைப்புக் குறைவு என்பது அம்முடிவு. இன்று நோக்குகையில் இது பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். எனினும் மௌகார்ட்டிலிருந்து 232 ஆண்டுகளின் பின்னரே இந்நோயின் வலிமை வினாவிற்கு எண்ணால் விடை கிட்டியது. குறைகளும் இல்லாமலில்லை. மாற்றீட்டின்போது நீக்கப்படும் படலம் நோய் முற்றியது. அதிலுள்ள மென்மை நோயின் காரணமா, விளைவா என்பதைக் கீற்று கூறாது. வளைந்த படலத்தை வெட்டித் தட்டையாக்கி இழுப்பதே அதன் இயல்பை ஓரளவு மாற்றிவிடும்.

வலிமையை அறியாது வடிவத்தை மட்டும் கையாள்வதன் ஆபத்து வேறொரு துறையில் வெளிப்பட்டது. குறும்பார்வையை நீக்குதற்குப் படலத்தை லேசர் கதிராற் செதுக்கும் முறை 1980களில் தோன்றி, 1990களில் மேற்படையைக் கதவு போலத் திறந்து உட்படையைச் செதுக்கும் முறையாக வளர்ந்து பெருவழக்காயிற்று. கணக்கு முழுவதும் ஒளியியற் கணக்கே: இத்தனை மைக்கிரோன் நீக்கினால் இத்தனை டயொப்டர் குறையும். படலத்தை, சீவினாற் சீவியபடி நிற்கும் பிளாஸ்ரிக் துண்டாக அக்கணக்குக் கொண்டது. 1998இல் தியோ சைலரும் அவர்தம் குழுவினரும் இச்சிகிச்சையின் பின் சிலருக்குக் கூம்பு விழியை ஒத்த பிதுக்கம் தோன்றியதை அறிவித்தனர். கண்ணாடியைக் கழற்றி வைக்க விரும்பி வந்த இளைஞர் சிலர், எக்கண்ணாடியாலும் திருத்தவியலாத கண்ணுடன் எஞ்சினர். அமெரிக்க அறிஞர் சிந்தியா றொபேட்ஸ் 2000ஆம் ஆண்டில், விழிவெண்படலம் பிளாஸ்ரிக் துண்டன்று என்னும் கருத்தையே தலைப்பாகக் கொண்டு எழுதினார். படலத்தின் உயிர்ப்பொறிமுறையியல் ஒரு சிலரின் ஈடுபாடாயிருந்த நிலை மாறி, சத்திரசிகிச்சை நிபுணர் அனைவரின் கவலையாக ஆனது இதன் பின்னரே.

அதே சைலர், டிறெஸ்டன் நகரில் ஸ்பேர்ள், வொல்லென்சாக் ஆகியோருடன் சேர்ந்து மறுபுறத்திலிருந்தும் வினாவை அணுகியிருந்தார். வயது ஏற ஏறக் கொலாஜன் மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகி இழையம் இறுகும். நோய் நடுவயதில் ஓய்வது அதனால் ஆகலாம். நீரிழிவு நோயாளரின் இழையங்களில் வெல்லத்தினால் இத்தகைய பிணைப்புகள் மிகுதி. அவர்களிடையே கூம்பு விழி குறைவாகவே காணப்படுவதாகக் கூறப்பட்டது. அங்ஙனமாயின் முதுமை பல ஆண்டுகளிற் செய்வதை ஒரு மணி நேரத்திற் செய்வித்தல் கூடுமா? றைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்துக் கரைசலைப் படலத்தில் ஊறவிட்டு, ஊதாக் கடந்த கதிரை அதன்மேற் பாய்ச்சும் முறையை அவர்கள் வகுத்து, ஆய்வுகூட முடிவுகளை 1998இல் வெளியிட்டனர். மேற்றோற் படையை அகற்றி, அரைமணி நேரம் கரைசலிட்டு, சதுர சென்ரிமீற்றருக்கு 3 மில்லிவாற்று வலுவுள்ள கதிரை அரைமணி நேரம் செலுத்துவது அம்முறை. உட்புறக் கலங்கள் கதிராற் கெடாதிருக்கப் படலம் குறைந்தது 400 மைக்கிரோன் தடிப்புடையதாயிருத்தல் வேண்டும். மனிதப் படலக் கீற்றுகளில் யங்கின் மட்டு ஏறத்தாழ நாலரை மடங்காக உயர்ந்தமை 2003இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 22 நோயாளரின் 23 கண்களிற் பெற்ற முடிவும் வெளிவந்தது: சிகிச்சை பெற்ற கண்கள் யாவற்றிலும் நோய் வளர்தல் நின்றது, 16 கண்களில் கூம்பு சராசரி 2 டயொப்டர் அளவு தட்டையாயிற்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2016 ஏப்பிரலில் இச்சிகிச்சையை ஏற்றது. வெள்ளி நைத்திரேற்றினாற் சுட்டவர்கள் தேடியதும் இவ்விறுக்கத்தையே. தெளிவை இழக்காமல் அதனைப் பெறும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

உயிருள்ள கண்ணின் வலிமையை அளக்கும் வினா இன்னும் எஞ்சி நின்றது. ஹான்ஸ் கோல்ட்மான் 1957இல் விழியக அமுக்கமானியை விளக்கியபோது, படலத்தின் தடிப்பு 0.52 மில்லிமீற்றர் எனக் கொண்டே தம் கருவியை அமைத்தார். தடிப்பு வேறுபடின் அளவீடும் பிழைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் ஒதுக்க விரும்பிய தடையையே பிற்காலத்தார் அளக்க முற்பட்டனர். டேவிட் லூஸ் 2005இல் விளக்கிய கருவி, காற்றை ஊதிப் படலத்தைக் குழியச் செய்து, உட்செல்லும்போதும் மீளும்போதும் அது தட்டையாகும் இரு கணங்களின் அமுக்கங்களை ஒப்பிடுகின்றது. அவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு, இழையம் உறிஞ்சிக் கொண்ட சக்தியைக் குறிப்பது. கூம்பு விழியில் அது சராசரியிற் குறைவு. ஆயின் நலமானோரின் எண்களும் நோயாளரின் எண்களும் ஒன்றின்மேலொன்று படிவதால், தனியொருவரை அதைக் கொண்டு மட்டும் நோயாளர் எனத் தீர்க்கவியலாது. அதனையடுத்து, ஊதப்பட்ட படலத்தின் அசைவை செக்கனுக்கு 4000இற்கு மேற்பட்ட படங்களாகப் பதியும் கருவி வந்தது. இழையத்துள் இயல்பாக எழும் ஒலியலைகளால் ஒளி சிதறும்போது அதன் அதிர்வெண்ணில் நேரும் நுண்ணிய மாற்றத்தை அளக்கும் பிறிலுவன் முறையும் தோன்றிற்று. ஸ்காசெல்லி, யுன் முதலானோர் 2014இல் இம்முறையாற் கண்டது முக்கியமானது: மென்மை கூம்பின் பகுதியிலேயே குவிந்திருந்தது, அதற்கப்பாற்பட்ட பகுதி நலமான படலத்தை ஒத்திருந்தது.

இக்கண்டுபிடிப்பு, றொபேட்ஸ், டப்ஸ் ஆகியோர் முன்வைத்த விளக்கத்திற்கு இயைபானது. ஓரிடத்தில் ஏற்படும் மென்மையே தொடக்கம். அவ்விடம் கூடுதலாக விரிந்து மெலிகின்றது. மெலிந்ததாற் தகைப்புக் கூடுகின்றது. கூடியதால் மேலும் விரிகின்றது. அம்முதல் மென்மை எதனால் வருவது என்பதிலேதான் கருத்து வேறுபாடு. பரம்பரைக்குப் பங்குண்டு, ஒவ்வாமையாற் கண் அரித்து அதனை ஓயாது கசக்கும் பழக்கத்திற்கும் நோய்க்கும் தொடர்புண்டு. கசக்குதலே மூலகாரணம் என வாதிடுவோரும், மென்மையான படலம் கொண்டோரில் அது நோயை விரைவுபடுத்துவது மாத்திரமே என்போரும் உளர். இழையத்தைச் சிதைக்கும் நொதியங்கள் நோயுற்ற படலத்தில் மிகுந்திருத்தலைக் காட்டுவோர் மூன்றாம் சாரார். எவர் கூற்று மெய்யாயினும், ஒவ்வாமையுள்ள பிள்ளை கண்ணைக் கசக்காது தடுத்தற்கு அவ்விவாதம் முடியும்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை.

குறுக்குப் பிணைப்புச் சிகிச்சை பெற்ற நோயாளரைக் காற்றூதும் கருவியாற் சோதித்த ஆய்வுகள் பல, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆய்வுகூடக் கீற்றிற் பன்மடங்காக உயர்ந்த விறைப்பு, உயிருள்ள கண்ணில் அக்கருவிக்குப் புலப்படவில்லை. ஆகவே, வலிமையைக் கூட்டுதற்கென்றே வகுக்கப்பட்ட இச்சிகிச்சை வெற்றி பெற்றதா என்பதை வைத்தியர்கள் முதன்மையாக வளைவுப் படங்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டே இன்றும் தீர்மானிக்கின்றனர்.